மூளையின் ஆழத்தில் நேரும் பக்கவாதம்: ஸ்கேன் படம் காட்டும் காரணங்கள்

பக்கவாதத்தைப் பற்றி இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகைச் சந்தேகத்தை எழுப்பியிருந்தன. தலாமஸ், பேசல் கேங்லியா, இன்டர்னல் கேப்சூல், பான்ஸ் ஆகிய ஆழ்பகுதிகளில் அடைப்பு அல்லது ரத்தக்கசிவு என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஆனால் அது ஏன் வந்தது என்பதை யாரும் விளக்கவில்லை என்று வாசகர்கள் வருந்தியிருந்தார்கள். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. திடீரென்று வலது கையும் காலும் செயலிழந்தன. சி.டி. ஸ்கேனில் இடது தலாமஸில் ரத்தக்கசிவு என்று தெரிந்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் 190/110 இருந்ததால், பிரஷரால் வந்தது என்றார்கள். அதற்கு முன் அவர் ஒருநாளும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டதில்லை. இப்போது ஆறு வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்கிறார்கள். காரணம் தெரிந்த பிறகு இன்னொரு ஸ்கேன் எதற்கு, ஐயா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: காரணம் தெரிந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்திலேயே சற்று நிற்க வேண்டும். மூளைக்குள் ரத்தம் கசிந்தவுடன் உடல் அதற்கு எதிர்வினையாகவே ரத்த அழுத்தத்தை உயர்த்தும். அதுவரை கொதிப்பே இல்லாத ஒருவருக்கும் கசிவுக்குப் பிறகு 190 காட்டலாம். எனவே சேர்த்த அன்று அளந்த எண், கசிவுக்குக் காரணமா அல்லது கசிவின் விளைவா என்பதைத் தனியாகச் சொல்லிவிடாது. பல ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு இருந்திருந்தால் அதன் தடயங்கள் உடலில் வேறு இடங்களில் கிடைக்கும். இ.சி.ஜி.யிலும் எக்கோவிலும் இதயத் தசையின் தடிப்பு தெரியும்; விழித்திரையின் ரத்தக் குழாய்கள் மாறியிருக்கும்; சிறுநீரில் புரதம் வெளியேறும். இவற்றைப் போலவே மூளையும் தன் பழைய காயங்களை வைத்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. தேடப்போவது அவற்றைத்தான்.

ஆழ்பகுதி ஏன் ரத்தக் கொதிப்புக்கு இவ்வளவு எளிதில் இரையாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் படம் புரியும். மூளையின் மேற்பரப்புக்குப் போகும் ரத்தம் பல முறை கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் வேகம் தணிந்து, கடைமடைக்குப் போகும் தண்ணீரைப் போலச் சென்று சேர்கிறது. தலாமஸுக்கும் பேசல் கேங்லியாவுக்கும் போகும் குழாய்களோ பெரிய தமனியிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாகப் பிரிந்து நேரே உள்ளே நுழைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அரை மில்லிமீட்டர் விட்டம்கூட இல்லாதவை. பெரிய தமனியின் அழுத்தத்தை இடையில் எந்தத் தணிப்பும் இன்றித் தாங்குபவை. பல ஆண்டுகள் மிகை அழுத்தத்தைத் தாங்கும்போது அவற்றின் தசை அடுக்கு சிதைந்து, சுவர் தடித்து உறுதியிழக்கிறது. அப்படிப்பட்ட குழாய் உள்ளே அடைத்துக்கொண்டால் அடைப்பு வகைப் பக்கவாதம். கிழிந்தால் கசிவு வகைப் பக்கவாதம். நோய் ஒன்றுதான், வெளிப்படும் விதம்தான் இரண்டு.

இந்த நோய் ஒரே ஒரு குழாயை மட்டும் தாக்குவதில்லை. பெரிய கசிவு நேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எந்த அறிகுறியும் காட்டாமல், சிறு சிறு கசிவுகள் நடந்திருக்கும். ரத்தத்தின் இரும்புச் சத்து அந்த இடங்களில் படிந்து, எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்று அழைக்கப்படும் படவரிசையில் சிறிய கரும்புள்ளிகளாகத் தெரியும். இவற்றை மைக்ரோப்ளீட், அதாவது நுண்கசிவு என்கிறோம். சி.டி.யில் இவை தெரிவதே இல்லை. புள்ளிகள் எத்தனை என்பதைவிட எங்கே இருக்கின்றன என்பதே முக்கியம். தலாமஸ், பேசல் கேங்லியா, பான்ஸ் ஆகிய ஆழமான இடங்களில் அவை இருந்தால் ரத்தக் கொதிப்பால் வரும் குழாய் நோயையே அது சுட்டும். மாறாக, புள்ளிகள் அனைத்தும் மூளையின் மேற்பரப்புப் பகுதிகளில் மட்டுமே இருந்து, மேற்பரப்பின் மடிப்புகளை ஒட்டிப் பழைய ரத்தம் கருங்கோடாகப் படிந்திருந்தால், அமிலாய்டு என்ற புரதம் குழாய்ச் சுவரில் படியும் வேறொரு நோயை எண்ண வேண்டும். அது முதுமையில் வருவது. ஆழ்பகுதிக் குழாய்களைப் பெரும்பாலும் தொடாதது. அதைக் கண்டறிவதற்கான பாஸ்டன் விதிகள் 2022-இல் திருத்தப்பட்டபோது, கசிவுத் தடயங்களோடு, நரம்பிழைகள் ஓடும் உட்பகுதியான வெள்ளைப் பகுதியின் மாற்றங்களும் சேர்க்கப்பட்டன: குழாய்களைச் சூழ்ந்த நுண் இடைவெளிகள் விரிவடைந்திருப்பதும், மேற்பரப்புக்குச் சற்றே கீழே பல சிறு வெண்திட்டுகள் சிதறிக் கிடப்பதும் அவை. ரத்தக் கொதிப்பு நோயில் அதே இடைவெளிகள் பேசல் கேங்லியாவில் விரிவடைகின்றன. வெண்திட்டுகளும் அதைச் சுற்றியே அமைகின்றன. இரண்டு நோய்களும் ஒரே வகைத் தடயங்களை வெவ்வேறு இடங்களில் விட்டுச் செல்கின்றன என்பதே இந்தத் துறை கற்றுக்கொண்ட அருமையான பாடம்.

ஆறு வாரம் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. புதிய ரத்தக்கட்டி படத்தில் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருக்கும். அது கரைந்த பிறகுதான் அதன் அடியில் பிறவியிலேயே அமைந்த குழாய்ச் சிக்கலோ, கேவர்னோமா என்ற குழாய் முடிச்சோ, கட்டியோ இருந்தால் வெளிப்படும். அதோடு, 45 முதல் 70 வயதுக்குள் இருந்து, ஏற்கெனவே ரத்த அழுத்த நோய் இருந்ததற்கான வரலாறு இல்லாதவர்களுக்கு ஆழ்பகுதியில் கசிவு வந்தால், ரத்தக் குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் செய்வது நல்லது என்றே அமெரிக்க வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. உங்கள் தந்தை அந்த வரையறைக்குள் வருகிறார். அது இதுவரை செய்யப்படவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

காரணத்தைப் பொறுத்து எதிர்காலமும் மாறுகிறது. பல ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான கணக்கின்படி, அமிலாய்டு நோயால் கசிவு வந்தவர்களுக்கு மீண்டும் கசிவு வரும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம். மற்றவர்களுக்குச் சுமார் 1 சதவீதம். தடயங்கள் ஆழ்பகுதியிலேயே இருந்தால் அது ஓரளவு நல்ல செய்தி. ஆனால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால்தான் அந்த நல்ல செய்தி நிலைக்கும். 2001-இல் வெளியான புரோகிரஸ் ஆய்வில், பக்கவாதம் வந்த சுமார் 6,000 பேரில், அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து எடுத்தவர்களுக்கு மூளைக் கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வீட்டிலேயே ஒரு கருவி வாங்கி, காலையிலும் மாலையிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 130/80-க்குக் கீழே கொண்டுவருவதே இப்போதைய குறிக்கோள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை நோய் உண்டு. இடது கை லேசாகத் துவண்டதும் சேர்த்தோம். அறிக்கையில் லாக்கூனர் இன்ஃபார்க்ட், அதாவது சிறு குழாய் அடைப்பால் வந்த சிறிய பாதிப்பு என்று இருந்தது. சிறியதுதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் கையும் காலும் முழுவதும் செயலிழந்துவிட்டன. வேறொரு மருத்துவர் படத்தைப் பார்த்து, இது சிறு குழாய் நோய் அல்ல, பெரிய குழாயின் சுவரில் உள்ள கொழுப்பு என்கிறார். ஆனால் பெரிய குழாய் நன்றாக இருப்பதாக எம்.ஆர். ஆஞ்சியோ சொல்கிறதே?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது மிகவும் வேதனையானது, கவனிப்பில் குறை இருந்ததால்தான் அப்படி ஆனது என்று எண்ணிவிட வேண்டியதும் இல்லை. இரண்டாவது மருத்துவர் சொல்வதற்குப் படத்தில் ஆதாரம் இருந்திருக்கும்.

ஆழ்பகுதியின் ஒரு நுண்குழாய் அடைபடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முதல் பதிலில் சொன்னபடி, குழாய் உள்ளே போன பிறகு அதன் நெடுகிலும் ஏதோ ஓரிடத்தில் சுவர் சிதைந்து அடைவது. பாஸ்டனில் பணிபுரிந்த மில்லர் ஃபிஷர் 1960-களில் இறந்தவர்களின் மூளைகளை மெல்லிய துண்டுகளாகச் சீவி, ஒவ்வொரு நுண்குழாயையும் தொடர்ந்து சென்று இதை நிறுவினார். அதே ஃபிஷர், தம் மாணவர் லூயிஸ் கேப்லனோடு சேர்ந்து 1971-இல் இரண்டாவது வழியையும் காட்டினார்: பெரிய தமனியின் சுவரில் படிந்த கொழுப்பு, அங்கிருந்து பிரியும் நுண்குழாயின் வாயையே மூடிவிடுவது. 1989-இல் கேப்லன் இதைக் கிளைத் தமனி நோய் என்று தனியாக வகைப்படுத்தினார். நம் நாட்டிலும் கிழக்காசியாவிலும் மூளைக்குள் இருக்கும் தமனிகளில் கொழுப்புப் படிவது அதிகம் என்பதால், இந்த வகையை நாம் கூடுதலாகவே எதிர்பார்க்க வேண்டும்.

குழாயின் நடுவில் அடைத்தால் அதற்கு அப்பாலுள்ள சிறு பகுதி மட்டும் இறக்கும். வாயிலேயே அடைத்தால் அந்தக் குழாய் ஊட்டும் நிலம் முழுவதும் பட்டுப்போகும். டிஃப்யூஷன் என்ற எம்.ஆர்.ஐ. படவரிசை, அடைப்பு ஏற்பட்ட பகுதியைச் சில மணி நேரத்துக்குள்ளாகவே வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த வெண்மை 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், ஓரிரு அடுக்குப் படங்களில் மட்டும் வட்டமாகத் தெரிந்தால் சிறு குழாய் நோய்க்கு வாய்ப்பு அதிகம். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று அடுக்குகளிலோ அதற்கு மேலோ நீண்டு, பெரிய தமனி இருக்கும் அடிப்பக்கம் வரை இறங்கினால் கிளைத் தமனி நோயை எண்ண வேண்டும். பான்ஸ் பகுதியில் இந்த அடையாளம் இன்னும் தெளிவு: வெண்திட்டு பான்ஸின் முன்பக்க விளிம்பைத் தொட்டு நின்றால், அங்கே ஒட்டிச் செல்லும் பேசிலார் தமனியின் சுவரே சந்தேகத்துக்குரியது. ஒரே ஓர் அடுக்கை மட்டும் பார்த்துச் சிறியது என்று முடிவு செய்தால் இந்த நீளம் கண்ணில் படாது.

பெரிய குழாய் நன்றாக இருப்பதாக ஆஞ்சியோ சொன்னதிலும் பொய் இல்லை. சாதாரண எம்.ஆர். ஆஞ்சியோ, குழாய்க்குள் ரத்தம் ஓடும் வழியைத்தான் காட்டும்; சுவரைக் காட்டாது. கொழுப்பு சுவருக்குள்ளேயே வெளிப்புறமாகத் தடித்திருந்தால் வழி குறுகாமல் இருக்கும், கிளையின் வாய் மட்டும் மூடியிருக்கும். சுவரையே படமெடுக்கும் உயர்நுண்மை எம்.ஆர்.ஐ. சில பெரிய மையங்களில் இருக்கிறது; அது இல்லாவிட்டாலும் திட்டின் வடிவமே போதிய குறிப்பைத் தருகிறது.

முதல் சில நாட்களில் படிப்படியாக மோசமாவது இந்த வகையின் இயல்பு. கிளையின் வாயில் உறையும் ரத்தம் மெல்ல மெல்ல நீள்கிறது. எனவே இந்த வடிவத்தைப் பார்த்தவுடன் நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ரத்த அழுத்தத்தைத் திடீரென்று இறக்கக் கூடாது. லேசான அடைப்பு வகைப் பக்கவாதத்தில், தொடக்கத்தில் சுமார் மூன்று வாரங்கள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுப்பது பயனுள்ளது என்று 2013-இல் சீனாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் அதே இரண்டையும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது வேறு. சிறு குழாய் அடைப்பு என்று எம்.ஆர்.ஐ.யில் உறுதியான 3,020 பேரிடம் நடந்த எஸ்.பி.எஸ்.3 ஆய்வில், நீண்டகால இரட்டை மருந்து மறு பக்கவாதத்தைக் குறைக்கவில்லை. ரத்தப்போக்கையும் இறப்பையும் கூட்டியது. உங்கள் அம்மாவுக்கு இரண்டு மருந்தும் எழுதியிருந்தால், ஒன்றை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஆழ்பகுதியில் திட்டு 20 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெரிதாக இருந்தாலோ, வேறு தமனிகளுக்குரிய இடங்களிலும் புதிய வெண்புள்ளிகள் சிதறியிருந்தாலோ, இதயத்திலிருந்தோ கழுத்துத் தமனியிலிருந்தோ வந்த உறைகட்டியைத் தேட வேண்டும். அவர்களுக்கு ஒரே ஓர் இ.சி.ஜி. போதாது, ஒரு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து இதயத் துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: என் மாமாவுக்கு 72 வயது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். தலைச்சுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில், இரண்டு தலாமஸிலும் பான்ஸிலுமாக நான்கு நுண்கசிவுகள் என்று எழுதியிருக்கிறது. கசிவு என்று இருப்பதால் மாத்திரையை நிறுத்திவிட்டோம். சரிதானே?
வாசகர், நாகர்கோவில்

பதில்: சரியல்ல. இதைப் படித்ததும் அவருடைய இதய மருத்துவரிடம் பேசி, இன்றே முடிவு கேளுங்கள்.

நுண்கசிவு என்பது இப்போது நடந்துகொண்டிருக்கும் ரத்தப்போக்கு அல்ல. எப்போதோ நடந்து முடிந்ததன் தழும்பு. அது இருப்பவர்களுக்குப் பின்னாளில் பெரிய கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் 38 ஆய்வுகளிலிருந்து 20,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டி 2019-இல் வெளியான ஆய்வு, நுண்கசிவுகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எத்தனை இருந்தாலும், அவர்களுக்கு அடைப்பு வகைப் பக்கவாதம் வரும் வாய்ப்பே கசிவு வரும் வாய்ப்பைவிட அதிகம் என்று காட்டியது. துடிப்பு ஒழுங்கில்லாத இதயத்திலிருந்து கிளம்பும் உறைகட்டி பெரியது. அது விளைவிக்கும் பக்கவாதமும் பெரியது.

உங்கள் மாமாவின் நான்கு புள்ளிகளும் ஆழ்பகுதியில் இருப்பது ரத்தக் கொதிப்பைச் சுட்டுகிறது. அதாவது, சரிசெய்யக்கூடிய ஒரு காரணத்தை. அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் மாத்திரையின் ஆபத்தும் குறையும். வார்ஃபரினோடு ஒப்பிட்டால் ஏபிக்ஸபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகளில் மூளைக் கசிவு ஏறக்குறைய பாதிதான் என்பது பெரிய ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களும் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களும் வார்ஃபரின் வகையிலேயே இருக்க வேண்டும். மருந்தைத் தாமாக மாற்றிக்கொள்வது ஆபத்து. நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புள்ளிகள் மேற்பரப்பில் மட்டும் பலவாக இருந்து, கருங்கோட்டுப் படிவும் சேர்ந்திருந்தால் என் பதில் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரைக்குப் பதிலாக இதயத்தின் இடது மேலறையில் உறைகட்டி உருவாகும் பையை அடைக்கும் சிகிச்சையும் பேசப்படும். இன்னொரு எச்சரிக்கை: எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் பழைய ரத்தம் அல்ல. வயதானவர்களின் பேசல் கேங்லியாவில் இருபுறமும் படியும் சுண்ணாம்பும் அப்படித்தான் தெரியும். அது சி.டி.யில் வெள்ளையாகத் தெரிவதால், பழைய சி.டி. இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மூன்று வாரமாகத் தலைவலியும் மாலையில் காய்ச்சலும் இருந்தன. பிறகு இடது பக்கம் பலவீனமானது. மூளையின் ஆழத்தில் அடைப்பு என்றவர்கள், முதுகில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசநோய் மருந்து தொடங்கியிருக்கிறார்கள். பக்கவாதத்துக்குக் காசநோய் மருந்தா?
வாசகர், விழுப்புரம்

பதில்: ஆம், அதுதான் அவருக்கு வேண்டிய மருந்து. காசநோய் மூளை உறையைத் தாக்கும்போது, மூளையின் அடிப்பகுதியில் கோழை போன்ற திரவம் தடித்துப் படிகிறது. ஆழ்பகுதிக்குப் போகும் நுண்குழாய்கள் அந்தப் படிவத்தின் ஊடாகத்தான் மேலே ஏற வேண்டும். அதில் சிக்கி, வீங்கி, அடைகின்றன. ரத்தக் கொதிப்பால் வரும் அடைப்புகள் பெரும்பாலும் பேசல் கேங்லியாவின் வெளிப்புறத்திலும் தலாமஸின் பின்புறத்திலும் விழ, காசநோயின் அடைப்புகள் பேசல் கேங்லியாவைச் சேர்ந்த காடேட்டின் தலைப்பகுதி, தலாமஸின் முன்-உட்பகுதி, இன்டர்னல் கேப்சூலின் முன்பகுதி ஆகியவற்றில் விழுகின்றன. 1992-இல் தைவான் மருத்துவர்கள் இதைக் காசநோய் வட்டாரம் என்றே குறித்தார்கள். இளம் வயது, வாரக்கணக்கில் காய்ச்சல், இந்த இடங்களில் அடைப்பு, மருந்து செலுத்தி எடுத்த படத்தில் மூளையின் அடிப்பகுதி ஒளிர்வது, மூளை நீர் தேங்குவது ஆகியவை சேர்ந்தால் நம் நாட்டில் முதலில் காசநோயைத்தான் எண்ண வேண்டும். தம்பிக்கு ஸ்டீராய்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள்; அது உயிரிழப்பைக் குறைக்கிறது என்று 2004-இல் வியட்நாமில் நடந்த ஆய்வு நிறுவியது. மருந்துகளை மாதக்கணக்கில், ஒருநாளும் விடாமல் தொடர வேண்டும்.

கேள்வி: பிரசவம் முடிந்து பன்னிரண்டாம் நாள் என் மகளுக்குக் கடும் தலைவலி, வாந்தி, பிறகு மயக்கநிலை. இரண்டு தலாமஸிலும் வீக்கமும் சிறு கசிவும் என்று படம் காட்டியது. கசிவு இருக்கும்போதே ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். இப்போது தேறி வருகிறாள். அந்த ஊசி ஏன் என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.
வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகள் தேறி வருவது மகிழ்ச்சி தருகிறது. நல்ல மருத்துவர்கள் சரியான நேரத்தில் படத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

ஆழ்பகுதியில் இருபுறமும் ஒரே நேரத்தில் பாதிப்பு வருவது அரிய வடிவம், அதனாலேயே மதிப்புள்ள தடயம். இரண்டு தலாமஸுகளுக்கும் போகும் குழாய்கள் சிலருக்கு ஒரே தண்டிலிருந்து பிரிகின்றன. பெர்ஷெரான் தமனி எனப்படும் அது அடைத்தால் இருபுறமும் அடைப்பு வரும். அப்போது திட்டுகள் சிறியவையாக, தெளிவான விளிம்புடன், நடுக்கோட்டை ஒட்டி இருக்கும்; மயக்கமும் திடீரென்று வரும். உங்கள் மகளுக்கோ தலைவலியில் தொடங்கி மெல்ல மோசமாகியிருக்கிறது. படத்தில் வீக்கமும் கசிவும் கலந்திருக்கின்றன. இது ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஆழ்சிரைகள் உறைந்துபோனதன் வடிவம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுவதால் நம் நாட்டில் இது அதிகம் காணப்படுகிறது. இந்நாட்களில் தாய்க்குத் தண்ணீர் குறைவாகக் கொடுக்கும் வழக்கம் அதற்குத் துணைபோகக்கூடும். அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும். சிரை அடைத்ததால் ரத்தம் பின்னால் தேங்கி, அந்த அழுத்தத்தால்தான் கசிகிறது. அடைப்பை நீக்கினால் கசிவின் காரணமே நீங்குகிறது. 1991-இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, கசிவு இருந்தவர்களுக்கும் ஹெப்பாரின் நன்மை செய்வதைக் காட்டிய பிறகு இந்தச் சிகிச்சை உறுதிப்பட்டது. அவர் இனி ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது என்பதை மகப்பேறு மருத்துவரிடம் பதிவு செய்துவையுங்கள்.

கேள்வி: எங்கள் பேரனுக்குப் பத்து மாதம். கட்டிலிலிருந்து விழுந்தான், அழுது அடங்கிவிட்டான். அரை மணி நேரத்தில் வலது கை அசையவில்லை. சி.டி.யில் எலும்பு முறிவு இல்லை, கசிவு இல்லை. ஆனால் ஆழ்பகுதியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் என்றார்கள். குழந்தைக்கும் பக்கவாதம் வருமா? கவனிக்காமல் விட்ட குற்றம் என்று மருமகள் அழுகிறாள்.
வாசகர், சேலம்

பதில்: மருமகளிடம் முதலில் சொல்லுங்கள்: அவர் மீது குற்றம் இல்லை. அந்த உயரத்திலிருந்து எத்தனையோ குழந்தைகள் விழுகின்றன, ஒன்றும் ஆவதில்லை. உங்கள் பேரனின் ஆழ்பகுதி நுண்குழாய்களின் சுவரில் ஏற்கெனவே சுண்ணாம்பு படிந்திருந்திருக்கிறது. அந்தக் குழாய்களின் போக்கிலேயே தெரியும் வெள்ளைக் கோடுகள் அவைதாம். விறைத்துப்போன அந்தக் குழாய், சிறிய அதிர்ச்சியிலும் இழுபட்டு அடைத்துக்கொள்கிறது. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகளிடம் இந்த வடிவத்தை இந்திய மருத்துவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. அடைப்பைக் காட்டும், ஆனால் இந்தச் சுண்ணாம்புக் கோடுகளைத் தெளிவாகக் காட்டுவது சி.டி.தான், அதுவும் மெல்லிய அடுக்குகளாக மறுவடிவம் செய்து பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். மீண்டும் விழுந்தால் மீண்டும் வரக்கூடும் என்பதால் சில காலத்துக்குத் தரையிலேயே படுக்கவையுங்கள்; ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள்; ஆஸ்பிரின் பற்றிக் குழந்தை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: சர்க்கரை 480 இருந்த என் தாயாருக்கு இடது கையும் காலும் தாமாகவே ஆடத் தொடங்கின. சி.டி.யில் பேசல் கேங்லியாவைச் சேர்ந்த வலது புட்டாமெனில் கசிவு என்றார்கள். இரண்டு நாளில் கசிவு இல்லை, சர்க்கரைதான் என்று மாற்றிச் சொன்னார்கள். எது உண்மை?
வாசகர், ஈரோடு

பதில்: பின்னால் சொன்னது. கட்டுக்கடங்காத சர்க்கரையில் பேசல் கேங்லியா சி.டி.யில் சற்றே வெண்மையாகத் தெரிந்து, கசிவைப் போல ஏமாற்றும். ஆனால் சுற்றிலும் வீக்கம் இருக்காது. அந்தப் பகுதியின் இயல்பான வடிவம் அப்படியே இருக்கும். கை கால் செயலிழப்பதற்குப் பதிலாக ஆடும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் ஆட்டம் அடங்கும், படமும் நாளடைவில் இயல்பாகும்.

கேள்வி: எங்கள் ஊரில் எம்.ஆர்.ஐ. இல்லை, சி.டி. மட்டும் உண்டு. சி.டி. மட்டும் இருந்தால் காரணம் தெரியாமலே போய்விடுமா?
வாசகர், அரியலூர்

பதில்: போகாது. கசிவா அடைப்பா என்ற முதல் கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை தருவது இன்றும் சி.டி.தான், 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த நாளிலிருந்து பக்கவாத சிகிச்சைக்கு அது செய்திருக்கும் தொண்டு பெரிது. கசிவு ஆழ்பகுதியிலா மேற்பரப்பிலா, முன்பு அடைத்த இடங்களில் சிறு பள்ளங்கள் இருக்கின்றனவா, வெள்ளைப் பகுதி எவ்வளவு மங்கியிருக்கிறது என்பவற்றை அதிலேயே படிக்கலாம். மேற்பரப்புக் கசிவிலிருந்து விரல்களைப் போன்ற நீட்சிகள் கிளம்புவதும் மூளை உறைக்கடியில் ரத்தம் பரவியிருப்பதும் அமிலாய்டு நோயைச் சுட்டும் என்று 2018-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே இயந்திரத்தில் கையில் மருந்து ஏற்றி ஆஞ்சியோவும் எடுக்க முடியும்.

சி.டி.யால் முடியாதது இரண்டு. நுண்கசிவுகளை அது காட்டாது. சில வாரங்கள் கழிந்தால், பழைய கசிவையும் பழைய அடைப்பையும் பிரித்துச் சொல்லாது. இரண்டும் கறுத்த பள்ளமாகவே தெரியும். ஆறு மாதம் கழித்து வரும் நோயாளியிடம் முதல் நாள் படம் இல்லையென்றால், அவருக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாமா கூடாதா என்பதே சிக்கலாகிவிடுகிறது. அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஃபிலிமைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள் என்பது நான் அன்றாடம் காணும் வருத்தம். ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு, எல்லா அடுக்குகளும் பதிவான குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அச்சாகும் சில படங்களில் திட்டு எத்தனை அடுக்குக்கு நீள்கிறது என்பது தெரியாமல் போகலாம். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. இருக்கிறது. அங்கே அனுப்பும்போது, நுண்கசிவைப் பார்க்கும் எஸ்.டபிள்யூ.ஐ. வரிசையையும் சேர்த்து எடுக்கும்படி பரிந்துரைச் சீட்டிலேயே மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். அது கேட்காவிட்டால் சில இடங்களில் எடுப்பதில்லை.